ஆட்டுப்பால், பசுப்பால், எருமைப்பால்: கனிமக் கணக்கும் உங்கள் வீட்டு அரைப் போத்தலும்

இலங்கை மலையகத்தில் ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு பசு, இரண்டு ஆடு, ஒன்பது மாதப் பிள்ளை. நீங்கள் கொழுந்துக்குப் போகும் நேரத்தில் பிள்ளை, தோட்டத்தில் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறது. ஆட்டுப்பாலில்தான் கனிமங்கள் தாய்ப்பாலைப் போலவே சமநிலையாக இருக்கின்றன என்று ஒரு காணொளியில் பார்த்தீர்களாம். எருமைப்பாலில் கால்சியம் இரண்டு மடங்காமே, முட்டிவலிக்கார மாமியாருக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். கடைசியில், எங்கள் ஆட்டுப்பால் லேசாக உப்புக் கரிக்கிறது, அதுவும் கனிமம் கூடுதல் என்பதற்கு அடையாளமா என்று ஒரு வரி. எந்தப் பால் உசத்தி என்பது போலத் தெரிந்தாலும், உங்கள் கேள்வி உண்மையில் பால் நிலையத்துக்கு ஊற்றாமல் வீட்டில் நிறுத்தி வைக்கும் அந்த அரைப் போத்தல் யாருக்குப் போகவேண்டும் என்பதுதான். அப்படி எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

நான் வைத்தியர் இல்லை. பால் சேகரிக்கும் நிலையங்களிலும் பரிசோதனைக் கூடத்திலும் 20 வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். பால் பக்கத்தைத் தைரியமாகச் சொல்வேன். பிள்ளை பக்கத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதை மட்டும் சொல்வேன், மிச்சத்தை உங்கள் மிட்வைப் அம்மாவிடம், அதாவது மருத்துவிச்சியிடம் கேளுங்கள்.

முதலில் எண்கள். 100 கிராம் பசுப்பாலில் கால்சியம் சுமார் 120 மில்லிகிராம், பொஸ்பரஸ் 95, பொட்டாசியம் 150, சோடியம் 45 அளவில் இருக்கும். ஆட்டுப்பாலில் கால்சியம் 130 சொச்சம், பொஸ்பரஸ் 110, பொட்டாசியம் 200க்குக் கிட்ட. எருமைப்பாலில் கால்சியம் 170 முதல் 190 வரை போகும், பொஸ்பரஸ் 115 சொச்சம். தாய்ப்பாலில் கால்சியம் 30, பொஸ்பரஸ் 14, பொட்டாசியம் 50, சோடியம் 17, அவ்வளவுதான். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே காணொளிக்காரர் சொன்னது நிற்காது. தாய்ப்பாலில் கால்சியம் பொஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு. பசுவில் அது ஒன்றேகால் மடங்கு, ஆட்டில் அதையும்விட ஒரு துளி குறைவு. பொட்டாசியத்தில் பசுப்பால் தாய்ப்பாலைவிட மூன்று மடங்கு, ஆட்டுப்பால் நான்கு மடங்கு. ஆக கனிமத்தை மட்டும் பார்த்தால் ஆட்டுப்பால் தாய்ப்பாலுக்குக் கிட்ட வரவில்லை, பசுப்பாலைவிட ஒரு எட்டு தள்ளியே நிற்கிறது. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் சிறியவை, தயிர்க்கட்டி மிருதுவாக இருக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது வேறு கதை, அதைக் கொண்டுவந்து கனிமத்தில் ஒட்டக்கூடாது.

ஏன் இப்படி என்று கேட்டால், ஒவ்வொரு பாலும் அதனதன் குட்டிக்காக வந்தது. ஆட்டுக்குட்டி மூன்று வாரத்துக்குள் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்காகிவிடும், கன்றுக்குட்டிக்கு ஒன்றரை மாதம் ஆகும், மனிதப் பிள்ளைக்கு ஐந்து மாதம். பிறந்த சில மணி நேரத்தில் எழுந்து ஓடவேண்டிய பிராணிக்கு எலும்பு சீக்கிரம் கட்டவேண்டும், அதற்குப் புரதமும் சுண்ணாம்பும் நிறைய வேண்டும். பாலை எரித்தால் மிஞ்சும் சாம்பல்தான் மொத்தக் கனிமம். அது தாய்ப்பாலில் 100 கிராமுக்கு 0.2 கிராம், பசுவில் 0.7, ஆட்டிலும் எருமையிலும் 0.8. ஆறு நாளில் எடை இரட்டிக்கும் முயலின் பாலில் அது 2 கிராமைத் தாண்டும். அதிகமாக இருப்பதாலேயே நல்லது என்றால் நாமெல்லாம் முயல் பால்தான் கறக்கவேண்டும்.

இன்னொரு காரணம் சீனி. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, எனக்கோ பால் விஷயத்திலேயே பிடித்த இடம் இதுதான். பால் எந்த மிருகத்துடையதானாலும் இரத்தத்தோடு ஒத்துப்போகும் அடர்த்தியில்தான் மடியில் சுரக்கும், கூடவும் முடியாது, குறையவும் முடியாது. அந்த அடர்த்தியைக் கட்டி வைப்பவை இரண்டு: பால் சீனியான லக்டோஸ், கரைந்திருக்கும் உப்புகள். தாய்ப்பாலில் சீனி 7 சதவீதம், அதனால் உப்புக்கு அங்கே இடம் குறைவு. பசுவில் சீனி 5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, அந்த வெற்றிடத்தை சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் நிரப்புகின்றன. தராசு மாதிரிதான், ஒரு தட்டு இறங்கினால் மற்றது ஏறும். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று உறைநிலையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் இதனால்தான், பசுப்பால் கிட்டத்தட்ட எப்போதும் பூச்சியத்துக்குக் கீழே 0.52 முதல் 0.55 பாகைக்குள் உறையும். உங்கள் கடைசி வரியில் இருந்த உப்புக்கரிப்புக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பிள்ளை. நீங்கள் இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பாதிக் கவலை அதிலேயே தீர்ந்தது. காலையில் பிரட்டுக்கு (பேர் போட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன், மதியம் முடிந்தால், பிறகு ராத்திரி முழுக்க என்று அதை விடாமல் கொடுங்கள். பகலுக்குப் பீச்சி வைக்கவும் வழி இருக்கிறது, மிட்வைப் சொல்லித் தருவார். மிருகப் பாலை ஒரு வயதுக்கு முன்னால் முக்கிய ஆகாரமாக வைக்கவேண்டாம் என்பதே பல நாட்டுக் குழந்தை வைத்தியர்கள் சொல்வது. காரணம் இரண்டு. சின்னச் சிறுநீரகம் அவ்வளவு உப்பையும் புரதத்தையும் வெளியே தள்ள நிறையத் தண்ணீரைச் செலவழிக்கவேண்டும், காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் அந்தத் தண்ணீர் கையில் இருக்காது. இரண்டாவது, இரும்பு. தாய்ப்பால் கிடைக்காத, ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு மிருகப் பாலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டி சொல்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும், ஆக இந்த இடத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் உங்கள் பிள்ளைக்குத் தாய்ப்பால் கிடைக்கிறது, அந்த வாதத்துக்குள் நீங்கள் போகவே தேவையில்லை. சோற்றை மசிக்கும்போதோ கஞ்சி காய்ச்சும்போதோ கொதிக்க வைத்த பசுப்பால் கொஞ்சம் சேர்ந்தால் குற்றமில்லை. போத்தலில் ஊற்றிப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்புவதுதான் வேண்டாம்.

இரும்பை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கால்சியத்தைப் பற்றி வாதாடும் யாருமே அதைக் கவனிப்பதில்லை. எந்தப் பாலிலும் இரும்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பசுவோ ஆடோ எருமையோ, ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராம் சொச்சத்தைத் தாண்டாது. தாய்ப்பாலிலும் குறைவுதான், ஆனால் அதிலிருப்பது நன்றாக உடலில் சேரும், அதோடு முதல் ஆறு மாதத்துக்குப் பிள்ளை வயிற்றிலிருந்தே கொஞ்சம் சேமித்துக்கொண்டு வருகிறது. அந்தச் சேமிப்பு தீரும் வயதில்தான் உங்கள் பிள்ளை இப்போது இருக்கிறது. அந்த நேரத்தில் வயிற்றைப் பாலால் நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடமிருக்காது. போதாததற்குப் பாலில் உள்ள கால்சியமே இரும்பு சேர்வதைத் தடுக்கும். நம் ஊரில் பால் தேத்தண்ணியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பழக்குவார்கள், தேயிலைச் சாயமும் அதே வேலையைச் செய்யும். ஆகவே ஒன்பது மாதப் பிள்ளைக்கு நெத்தலியை நன்றாக வறுத்துத் தூளாக்கிச் சோற்றில் போடுங்கள், முட்டை, ஈரல், பருப்பு, கீரை கொடுங்கள், கீரையோடு இரண்டு சொட்டுத் தேசிக்காய் விடுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷ சத்துமா கிடைத்தால் அதைப் பெரியவர்கள் உருண்டை பிடித்துச் சாப்பிடாமல் பிள்ளைக்கே கொடுங்கள். (எல்லா வீட்டிலும் நடப்பதைத்தான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.)

ஆட்டுப்பாலில் இன்னொரு குறை இருக்கிறது. அது கனிமம் இல்லை, விற்றமின், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போலிக் அமிலம் என்று கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அது ஆட்டுப்பாலில் பசுப்பாலில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். பி12ம் குறைவு. ஆட்டுப்பாலை மட்டுமே குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை வந்ததை ஐரோப்பாவில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து, அதற்கு ஆட்டுப்பால் சோகை என்றே பெயர் வைத்தார்கள். சோறு கறியோடு ஒரு கோப்பை குடிக்கும் பெரிய பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகாது, ஆபத்து அதையே ஆகாரமாக்கும்போதுதான்.

சிலர் பசுப்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள், உங்கள் அம்மாவும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உப்பு பாதியாகும், உண்மைதான். ஆனால் சக்தியும் கொழுப்பும் கூடவே பாதியாகும், கால்சியத்துக்கும் பொஸ்பரசுக்கும் இடையிலுள்ள விகிதமோ அப்படியே இருக்கும், தண்ணீரால் விகிதத்தைத் தொடமுடியாது.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். எருமைப்பாலில் கால்சியம் கூடுதல் என்பது உறுதி, இரண்டு மடங்கு என்பது மிகை, ஒன்றரை மடங்கு என்றால் ஒத்துக்கொள்வேன். பாலில் இருக்கும் கால்சியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கேசின் என்ற புரதத்தோடு பின்னிக் கிடக்கிறது, எருமைப்பாலில் அந்தப் புரதம் அதிகம், ஆகவே கால்சியமும் அதிகம். ஆனால் கொழுப்பும் 7 சதவீதம். 100 கிராம் பசுப்பால் 60 சொச்சம் கலோரி, எருமைப்பால் 100 கலோரி. கலோரிக்கு எவ்வளவு கால்சியம் என்று வகுத்துப் பாருங்கள், பசு, ஆடு, எருமை மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். எருமைப்பாலில் நீங்கள் வாங்குவது கெட்டியான பால், புதிய மருந்தல்ல. அதோடு நுவரெலியா மாவட்டத்துக் குளிரில் எருமையை எங்கே தேடுவது, கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வரும் சட்டித் தயிர்தான் நமக்கு எருமை. தயிரில் கால்சியம் குறைவதில்லை, மாமியாருக்குப் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடட்டும்.

முட்டிவலி தீருமா என்றால், பெரும்பாலும் தீராது. மலையில் 30, 40 வருடம் கூடை சுமந்து ஏறி இறங்கிய முழங்காலில் தேய்வது எலும்புக்கு மேலே உள்ள குருத்தெலும்பு, அதைக் கால்சியம் திருப்பித் தராது. எலும்பு மெலிவது வேறு நோய், அதற்குக் கால்சியம் வேண்டும், வயதான பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேலே என்று சொல்வார்கள். ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலீற்றர் பசுப்பாலில் 240 கிடைக்கும். ஆனால் நம் வீடுகளில் யார் தம்ளர் கணக்கில் பால் குடிக்கிறார்கள்? கறந்ததையெல்லாம் நிலையத்தில் ஊற்றிவிட்டு, வீட்டில் பால் விடாத பிளேன்டி, விருந்தாளி வந்தால் பால்மா. தேத்தண்ணியில் விடும் இரண்டு மேசைக்கரண்டிப் பால் 35 மில்லிகிராம்தான். எந்த மிருகத்தின் பால் என்பதைவிட எவ்வளவு வயிற்றுக்குள் போகிறது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, குரக்கன், முருங்கை இலை, எள்ளு இவற்றிலும் கால்சியம் உண்டு, இலை தானியங்களில் இருப்பது அவ்வளவு சுலபமாகச் சேராது, முள்ளிலிருப்பது நன்றாகச் சேரும். மாமியாருக்குச் சிறுநீரக நோய் ஏதும் இருந்தால் மட்டும் பொட்டாசியமும் பொஸ்பரசும் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும், அது அவரைப் பார்க்கும் வைத்தியர் சொல்லவேண்டியது.

இதுவரை சொன்னது உறுதியானவை. சந்தேகமானவையும் இருக்கின்றன. ஆட்டுப்பாலின் கனிமங்கள் உடலில் நன்றாகச் சேரும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எலிகளில் செய்த ஆய்வுகளைக் காட்டுவார்கள். அந்த ஆய்வுகள் பொய்யல்ல, ஆனால் எலிக்குச் சரியானது உங்கள் மாமியாருக்கும் சரி என்று அதை வைத்து எழுதிக் கொடுக்க முடியாது. அடுத்தது, நான் மேலே தந்த எண்கள் எல்லாமே சராசரி. இனம், ஈற்று, கறவையின் எத்தனையாவது மாதம் என்பதைப் பொறுத்து ஒரே பட்டியில் நிற்கும் இரண்டு மாடுகளுக்குள்ளேயே 10, 15 மில்லிகிராம் வித்தியாசம் வரும். ஜேர்சியின் பாலில் பிரிசியனைவிடக் கால்சியம் கூடுதல். அதனால் ஆட்டில் 134, பசுவில் 120 என்று போட்டுப் போட்டி வைப்பதில் அர்த்தமில்லை, நல்ல ஜேர்சிக் கலப்பு மாடு அந்த ஆட்டைத் தாண்டிவிடும்.

உங்கள் கேள்விக்குக் கீழே இன்னொருவர், மலைநாட்டு மண் புளிப்பு மண், அதனால் நம் மாட்டுப் பாலில் சுண்ணாம்பு இருக்காது என்று எழுதியிருந்தார். மண் புளிப்பு என்பது சரி, தேயிலைக்கே அப்படித்தான் வேண்டும், செடியை வெட்டிவிடும் கவ்வாத்து சமயத்தில் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் போடுவதும் அது எல்லை மீறாமல் இருக்கத்தான். ஆனால் பாலுக்கு அது பொருந்தாது. தீனியில் கால்சியம் குறைந்தால் மாடு தன் எலும்பைக் கரைத்துப் பாலில் போடுமே தவிர, பாலில் குறைக்காது. இதற்கு ஒரு உதாரணம்: கந்தப்பொலைப் பக்கம் ஒரு நல்ல பிரிசியன் கலப்பு மாடு, மூன்றாவது ஈற்று. கன்று போட்டு மறுநாள் காலையில் எழும்பவில்லை, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்டது, காது ஐஸ் மாதிரி. வீட்டுக்காரர் செய்வினை என்று பூசாரிக்கு ஆள் அனுப்பிவிட்டார். மிருக வைத்தியர் வந்து கால்சியம் போத்தலை நரம்பில் மெதுவாக ஏற்றினார், அரை மணித்தியாலத்துக்குள் மாடு எழுந்து சாணி போட்டது, பூசாரி வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார். 10 லீற்றர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் வெளியே போகிறது, மாட்டின் இரத்தத்தில் ஒரு நேரத்தில் இருப்பதோ சில கிராம். இரத்தம் வறண்டாலும் பாலில் குறைவு வைக்காத பிராணி அது. ஆகவே கனிமக் கலவையும் உப்புக்கட்டியும் மாட்டுக்காகக் கொடுங்கள், உங்கள் பாலுக்காக அல்ல. புண்ணாக்கும் தவிடும் மட்டுமே போட்டால் பொஸ்பரஸ் ஏறும், கால்சியம் ஏறாது, அதனாலும் கலவை அவசியம். தீனியைப் பொறுத்து ஏறி இறங்குபவை அயடீனும் செலனியமும்தான். மழை அடித்துக் கழுவிய மண்ணில் அயடீன் குறைவு, அந்தக் காலத்துக் கழுத்துக்கழலையை நினைத்துப் பாருங்கள், 1995க்குப் பிறகு உப்பிலேயே அயடீன் கலந்து வருவதால் நீங்கள் அதற்குப் பாலை நம்ப வேண்டியதில்லை.

கொதிக்க வைத்தால் கனிமம் போய்விடும் என்பதும் இல்லை. சட்டியின் அடியில் வெள்ளையாகக் கல் மாதிரிப் படிவது கொஞ்சம் கால்சியம் பொஸ்பேட்தான், ஆனால் அது மொத்தத்தில் சொற்பம். பச்சைப் பாலில் வரக்கூடிய நோய்களுக்கு முன்னால் அது ஒரு நட்டமே இல்லை. ஆட்டுப்பாலையும் பொங்கவிட்டுத்தான் குடிக்கவேண்டும்.

சரி, உப்புக்கரிப்பு. நல்ல ஆட்டுப்பால் உப்புக் கரிக்காது, கனிமம் கூடுதல் என்பதால் நாக்கில் தெரிவதும் இல்லை, கால்சியத்துக்கு உப்புச் சுவை கிடையாது. உப்பாகத் தெரிவது சோடியமும் குளோரைடும். மடிக்குள் அழற்சி வந்தால் தடுப்புச் சுவர் ஓட்டையாகி இரத்தத்திலிருந்து அவை கசியும், லக்டோஸ் குறையும், பொட்டாசியமும் குறையும், முன்னே சொன்ன தராசு சாய்ந்துவிடும். நிலையத்தில் ஒரு அம்மா கொண்டுவரும் பாலைப் பால்மானி வைத்துப் பார்க்குமுன் விரலில் தொட்டு நாக்கில் வைத்தே மடி நோய் என்று சொல்லிவிடுவார் எங்கள் பழைய ஆள் ஒருவர், பத்துக்கு எட்டுத் தடவை சரியாக இருக்கும். கறவை வற்றப்போகும் கடைசிக் காலத்திலும் பால் இப்படித்தான் மாறும், அது நோயில்லை. இரண்டையும் பிரிக்க ஆட்டில் ஒரு வசதி இருக்கிறது, இரண்டே காம்பு. நாளைக்கு விடியக் கறக்கும்போது இரண்டு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுங்கள், முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி திரியாக ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள், பிறகு இரண்டையும் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சுவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கரித்தால், அல்லது மடியில் சூடோ கட்டியோ இருந்தால், மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், அந்தப் பாலை யாரும் குடிக்கவேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கரித்து, குட்டி போட்டு நான்கைந்து மாதமும் ஆகியிருந்தால் ஆடு வற்றப்போகிறது. எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவில்லை, பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.